காஜா சார் மடித்துப் பார்த்த சட்டை

எதிரே நிற்கிறவரின் முகத்தைப் பார்க்காமலேயே அரசாங்க உத்தியோகத்தை முழுசாக முடித்து ஓய்வுபெற்ற ஒரே ஆள், தல்லாகுளத்தில் எங்கள் ஆபீஸின் தலைமை எழுத்தராக இருந்த காஜா சார்தான். அவர் பார்வை காலரில் தொடங்கி, பட்டன் வழியாக இறங்கி, கீழ் மடிப்பில் முடியும். காலருக்கு மேலே தலை என்று ஒன்று இருப்பதில் அவருக்கு அக்கறை கிடையாது.

காஜா என்பது பட்டன் நுழைகிற ஓட்டை. எந்தச் சட்டையைக் கண்டாலும் முதலில் அதைத் தடவி, நூல் பிசிறு தட்டுகிறதா என்று பார்ப்பார். அதனால் வந்த பெயர். சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலுக்கு மட்டுமே தெரியும். மாற்றலாகி வந்த புதியவர்கள், அவர் நெற்றியில் விபூதி பளிச்சென்று இருந்தும், பெயரை மட்டும் நம்பி ரம்ஜானுக்கு அவருக்குக் கைகொடுத்து வாழ்த்துச் சொல்வார்கள். அவரும் மறுக்காமல் நன்றி சொல்லிவிட்டு, கொடுத்த கையின் மணிக்கட்டுப் பட்டியைப் புரட்டிப் பார்ப்பார்.

தொண்ணூறுகளின் நடுவில் நான் வேலைக்குச் சேர்ந்த அன்று, நியமன உத்தரவை நீட்டினேன். அதை மேஜையில் போட்டுவிட்டு என் சட்டைப் பையையே பார்த்துக்கொண்டிருந்தார். கட்டம் போட்ட சட்டை. பையில் ஓடிய கோடும் சட்டையில் ஓடிய கோடும் சேரவில்லையாம்.

“கோடு கோட்டோட சேரணும் தம்பி. இது முட்டுச்சந்துல போயி நிக்கிது” என்றார்.

செக்‌ஷன் முழுவதும் எழுந்துவந்து அந்த முட்டுச்சந்தைப் பார்த்துவிட்டுப் போனது. என் வேலையின் முதல் நாள் அப்படித்தான் விடிந்தது.

இத்தனைக்கும் அந்த மனிதருக்கு ஊசியில் நூல் கோக்கத் தெரியாது. அவர் சட்டையில் பட்டன் அறுந்தால் அவர் மனைவிதான் தைத்துக் கொடுக்கவேண்டும். தைக்கத் தெரியாதவர் ஊரிலுள்ள தையல்காரர்களை எல்லாம் வைவது என்ன நியாயம் என்று கேட்க எங்களில் யாருக்கும் துணிச்சல் இல்லை. கேட்டால் கேட்டவரின் அக்குளில் விழும் சுருக்கத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார்.

சிம்மக்கல்லில் அவர் தலை தெரிந்தாலே தையல் கடைகளில் கத்தரிக்கோலை வைத்துவிட்டு டீ குடிக்கக் கிளம்பிவிடுவார்கள். ஒருமுறை டவுன் பஸ்ஸில், முன்னால் நின்றவருடைய சட்டையின் ஓரத்தைத் தூக்கி உள்தையலைப் பார்த்தார். பிக்பாக்கெட் என்று அந்த ஆள் இவர் கையைப் பிடித்து முறுக்கிவிட்டார். முறுக்குப்பட்ட கையோடு நின்றபடி, ஓரத்தை ஒரு மடிப்போடு விட்டிருக்கிறான், நாலு சலவையில் பிரிந்துவிடும் என்று காஜா சார் விளக்கினார். பெரியார் பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போது இருவரும் சேர்ந்து அந்தத் தையல்காரரைத் திட்டிக்கொண்டிருந்தார்கள்.

எங்கள் அதிகாரி விலை உயர்ந்த ரெடிமேட் சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு பெருமையாக வந்தார். காஜா சார் சுற்றிவந்து பார்த்துவிட்டு, “யாருக்கோ தச்சத நீங்க போட்ருக்கீங்க சார்” என்றார். அன்றிலிருந்து அதிகாரி அவரைத் தன் அறைக்குக் கூப்பிடுவதை விட்டுவிட்டார். காஜா சாருக்கு வேலை குறைந்ததுதான் மிச்சம்.

இப்படிப்பட்டவரைத்தான், எனக்குப் பெண் பார்க்கப் போகும்போது என் அம்மா துணைக்கு அழைத்தார். அப்பா இல்லாத வீடு, பெரிய மனிதர் ஒருவர் கூட வரவேண்டுமாம். வேறு யாரையாவது கூப்பிடலாம் என்று மன்றாடிப் பார்த்தேன். அம்மா கேட்கவில்லை. வண்டியூர் போகிற வழியெல்லாம், அங்கே துணிமணி பற்றி வாயே திறக்கக் கூடாது என்று காஜா சாரிடம் கெஞ்சினேன். என் காலரை ஆராய்ந்தபடியே சத்தியம் செய்தார்.

பெண்ணின் அப்பா சட்டை போடாமல் தோளைச் சுற்றித் துண்டு போர்த்தியிருந்தார். கேசரி வந்தது, பஜ்ஜி வந்தது. பெண்ணைப் பார்த்ததுமே எனக்குப் பிடித்துவிட்டது. அம்மாவுக்கும் முகம் மலர்ந்திருந்தது. அந்த நேரம் பார்த்துப் பெண்ணின் அப்பா, தன் சட்டைகளெல்லாம் மகள் தைத்ததுதான் என்று சொல்லி, உள்ளேபோய்ப் புதுச்சட்டை ஒன்றைக் கொண்டுவந்து பெருமையாக நீட்டினார். நீட்டிய இடம் காஜா சாரின் மடி.

சத்தியம் அத்தோடு போயிற்று. காஜாவைத் தடவினார். உள்பக்கத்தைப் புரட்டினார். முதுகின் நடுவில் பிடித்துச் சட்டையை இரண்டாக மடித்து, பாதியைப் பாதியோடு வைத்துப் பார்த்தார்.

“தோளு ரெண்டும் சேரல. எடது பக்கம் ஒரு விரக்கட எறங்கிருக்கு. வெட்டுனதே தப்பு.”

அம்மா கண்ணை மூடிக்கொண்டார். பெண்ணின் அப்பா துண்டை இழுத்துப் போர்த்திக்கொண்டார். கல்யாணப் பேச்சு அத்தோடு முடிந்தது என்று நான் செருப்பைத் தேடினேன்.

உள்ளே போயிருந்த பெண் மறுபடி வெளியே வந்தாள். அப்பாவிடம் அந்தச் சட்டையைப் போட்டுக்கொள்ளச் சொன்னாள். அவர் தயங்கித் தயங்கித் துண்டை எடுத்தார். எப்போதோ விழுந்து எலும்பு முறிந்து கோணலாகக் கூடிய இடது தோள், வலது தோளைவிடத் தாழ்ந்திருந்தது. சட்டையைப் போட்டதும் அந்தக் கோணலே தெரியவில்லை. ஒரு சுருக்கம் இல்லை. பட்டன் வரிசை நேராக இறங்கியது.

“நீங்க சட்டைய மடிச்சுப் பாத்தீங்க சார். எங்கப்பாவ மடிக்க முடியாதுல்ல” என்றாள்.

காஜா சார் எழுந்து அவரை ஒரு சுற்றுச் சுற்றிவந்தார். பிறகு அன்றுதான் முதல்முறையாக நிமிர்ந்து, அந்த மனிதரின் முகத்தைப் பார்த்துக் கைகூப்பி, தப்பாய்ச் சொல்லிவிட்டேன் என்றார். உட்கார்ந்து ஆறிப்போன பஜ்ஜியைத் தின்றபடி என் பக்கம் சாய்ந்தார்.

“தம்பி, ஒனக்கு இந்தப் புள்ள எம்புட்டோ அதிகம். சரின்னு சொல்லிட்டா விட்றாத.”

அவள் சரியென்று சொன்னாள். கல்யாணம் ஆனபின் ஞாயிற்றுக்கிழமைதோறும் காஜா சார் எங்கள் வீட்டுக்கு வந்து, காலர் விறைப்பாக நிற்க உள்ளே வைக்கும் கஞ்சித்துணி பற்றி என் மனைவியோடு சண்டை போடுவார். என்னை இருவருமே பொருட்படுத்துவதில்லை. ஓய்வுபெற்ற பிறகு சண்டை வாரம் இருமுறை ஆனது.

எங்கள் மகள் பிறந்தபோது, என் மனைவி பிள்ளையைக் காலில் போட்டு ஆட்டிக்கொண்டே அவளுக்கு ஒரு கவுன் தைத்தாள். கழுத்து ஒரு பக்கம் இழுத்திருந்தது, கை ஒன்று சின்னது, ஒன்று பெரியது. காஜா சார் அதை வாங்கி வெகுநேரம் பார்த்தார். திட்டு வாங்கத் தயாராக நின்றோம். அவர் அதை மெதுவாக நீவி, நான்காக மடித்து, தூங்குகிற பிள்ளையின் தலைமாட்டில் வைத்துவிட்டுக் காப்பி கேட்டார்.