இன்னும் ஒரே ஒரு விமர்சனம்

ஒரு பொருளைப் பற்றி எல்லாம் தெரிந்துவைத்துக்கொண்டு அதை மட்டும் வாங்காமலேயே இருக்கும் ஓர் இனம் உண்டு. ஒப்பிட்டுப் பார்ப்போர் என்று பெயர் வைக்கலாம். அரிய இனமெல்லாம் இல்லை. தெருவுக்கு நாலு பேர் தேறுவார்கள். கடையில் மட்டும் பார்க்க முடியாது, அவ்வளவுதான்.

நம்மவரையே எடுத்துக்கொள்ளுங்கள். வார இதழ் ஒன்றில் துணை ஆசிரியர். ஆதாரம் இல்லாமல் எதையும் நம்பாதவர். கைரேகை பார்ப்பவர் இவரைக் கண்டால் எதிர்ச் சாரிக்கு மாறிவிடுவார். ஆனால் முகம் தெரியாத யாரோ ஒருவர் இணையத்தில், "ஐந்து மாதமாகப் பயன்படுத்துகிறேன், அருமை" என்று எழுதிவிட்டால் போதும். வேதவாக்கு.

இவருடைய அக்கா பேருந்து ஓட்டுநர். பதினெட்டு வருஷமாக அகலக் கண்ணாடி வழியே ஊரையே பார்த்துக்கொண்டிருந்தவர், பணிமனைப் படியில் வழுக்கிக் காலை முறித்துக்கொண்டு, தம்பி வீட்டு முன்னறைக்கு வந்து சேர்ந்தார். ஆறு வாரம் மாவுக்கட்டு. இப்போது பார்க்கக் கிடைத்தவை எதிர்ச் சுவரும், அதில் மாட்டியிருந்த, இணையம் என்றால் என்னவென்றே அறியாத டிவியும்.

"கவலைப்படாதேக்கா. பெரிய ஆபீஸ்கள்ல கழிச்சுப் போடுற குட்டிக் கம்ப்யூட்டரை எல்லாம் சுத்தம் பண்ணி, சரிபார்த்து மலிவா விக்கிறாங்க. ஒண்ணை வாங்கி டிவியில மாட்டிட்டா சீரியல், சினிமா எல்லாம் ஓடும். ரெண்டே நாள்" என்றார் நம்மவர்.

இரண்டு நாளா! முதல் வாரம் புராசஸரின் தலைமுறையை ஆராய்வதில் போயிற்று. தலைமுறை முடிவானதும் ரேம், ரேம் முடிவானதும் மின்செலவு, மின்செலவை ஒப்பிட ஓர் அட்டவணை, அட்டவணைக்கு வண்ணம், வண்ணம் தீட்டிக்கொண்டிருக்கும்போதே இன்னொரு மாடல் விற்பனைக்கு வந்துவிட, அதன் குறைகளை அறிய இன்னும் ஒரே ஒரு விமர்சனம், அந்த விமர்சனத்தை மறுத்து ஒருவர் எழுதியிருந்ததால் அதையும் படித்து... மூன்று வாரம் ஓடிவிட்டது. பதினேழு மாடல்கள், இருபத்துமூன்று கட்டங்கள். வாங்கியது? ஒன்றுமில்லை.

"என்னடா ஆச்சு?"

"நாலுல வந்து நிக்குதுக்கா. அதுல ஒண்ணு, உள்ளே இருக்குற ஃபேன் கொஞ்சம் சத்தம் போடுமாம்."

அக்கா தலைக்கு மேலே லொடலொடவென்று சுற்றிக்கொண்டிருந்த மின்விசிறியைப் பார்த்தார். "இதைவிடவா?"

நியாயமான கேள்வி. அட்டவணையில் 'அறையின் இரைச்சல்' என்று புதிய கட்டம் சேர்ந்தது.

நான்காவது வாரம், வேறு போக்கிடம் இல்லாமல் அக்கா தம்பியின் பத்திரிகையையே படிக்கத் தொடங்கினார். அதில் நம்மவர் கொதித்து எழுதிய கட்டுரை ஒன்று இருந்தது. ஓய்வூதியம் கேட்ட தொழிலாளர்களை மாதக்கணக்கில் அலையவிடும் அதிகாரிகளைப் பற்றியது. அக்கா அதை, எதிரே உட்கார்ந்திருந்த தம்பியைத் தாண்டிச் சமையலறை வரை கேட்கும்படி வாசித்தார்.

"'பரிசீலிக்கிறோம் என்ற ஒற்றைச் சொல்லால் இவர்கள் அடுத்தவரின் நாள்களைத் தின்கிறார்கள். தின்ற அடையாளம்கூட வாயில் இருப்பதில்லை.' பிரமாதம்டா தம்பி. யாரைப் பத்தி எழுதியிருக்கே?"

நம்மவருக்குச் சுருக்கென்றது. மடியில் இருந்த அட்டவணையை மட்டும் மூடவில்லை.

"அவங்களும் நானும் ஒண்ணாக்கா? அவங்க அலட்சியத்துல இழுத்தடிக்கிறாங்க. நான் உனக்கு நல்லதா அமையணும்னு அக்கறையில பார்க்கிறேன்."

"இருக்கலாம்டா. வெளியில காத்துக்கிட்டு இருக்கிறவளுக்கு ரெண்டும் ஒரே பெஞ்சுதான்."

இதற்கு ஆதாரம் கேட்கவும் வழியில்லை. ஆதாரம் மாவுக்கட்டோடு எதிரே உட்கார்ந்திருந்தது.

அக்கா செல்பேசியை எடுத்துத் தெருமுனைப் பழுதுக் கடைக்காரரை அழைத்தார். "அண்ணே, பழைய டிவியில மாட்டிப் படம் பார்க்க ஒரு குட்டிக் கம்ப்யூட்டர் கிடைக்குமா? பழசு போதும்... நிக்காம ஓடுமா?... ஓடலைன்னா திருப்பி எடுத்துக்குவீங்களா?... அப்ப கொண்டாங்க."

மூன்றே கேள்வி. அரை மணியில் கடைக்காரர் பெட்டியோடு வந்துவிட்டார். நம்மவர் அவரைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"இதுல புராசஸர் எத்தனையாவது தலைமுறை?"

"தெரியலையே சார். காலையில கடையில பாட்டுப் போட்டேன். பாடுச்சு."

படமும் ஓடியது. அக்கா தலையணையைச் சரிசெய்துகொண்டு சாய்ந்தார். நான்கு வாரமாகக் காணாத களை அந்த முகத்தில் வந்து உட்கார்ந்தது. இருபத்துநான்கு கட்டங்களில் ஒன்றில்கூட அக்கா இல்லை என்பது அப்போதுதான் நம்மவருக்கு உறைத்தது. உறைத்தது என்றால், இப்போதாவது சேர்த்துவிடலாமா என்று யோசித்தார்.

சிரிக்கிறீர்கள். தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் அந்தக் கடைக்காரர் கொண்டுவந்தது என்ன மாடல், என்ன விலை, வேறெங்காவது இன்னும் மலிவாகக் கிடைத்திருக்குமா என்று உள்ளுக்குள் குறுகுறுக்கிறதா? அப்படியானால் இதைக் கீழே வைத்துவிட்டு மெல்லத் திரும்பிப் பாருங்கள். உங்கள் வீட்டிலும் யாரோ காத்துக்கொண்டிருக்கிறார்.