விவரம் போதாது

"கட்டுரையைத் திருப்பித் தந்திட்டாரோ?"

படலையைத் தள்ளிக்கொண்டு வந்த மகனின் முகத்தைப் பார்த்தே அப்புத்துரை கேட்டுவிட்டார். கனகலிங்கம் சைக்கிளை மாமரத்தில் சாத்திவிட்டு, பையிலிருந்த கட்டுரையை எடுத்து நீட்டினான். தாளின் ஓரமெல்லாம் கோழி அறுத்த இடம்போலக் கிடந்தது.

அப்புத்துரைக்கு எழுத்து வாசிக்க வராது. சிவப்பு மையை மட்டும் நன்றாக வாசிப்பார்.

"என்னவாம்?"

"'விவரம் போதாது. திருத்தி எழுதுக' எண்டு போட்டிருக்கிறார், ஐயா."

கனகலிங்கம் ஆசிரிய கலாசாலைக்குப் போய் அது முதல் தவணை. முரசுமோட்டைக் குடியேற்றத் திட்டத்தில் மண்வெட்டி பிடிக்காத கையோடு ஒருவன் உருவாகப்போகிறான் என்று அப்புத்துரை வாய்க்கால் நெடுகச் சொல்லி வைத்திருந்தார். கலாசாலையிலோ ஒரு வழக்கம் இருந்தது. தவணை முடியுமுன் விரிவுரையாளர் சிற்றம்பலத்துக்குப் பிடித்தமாதிரி ஒரு கட்டுரையாவது எழுதவேண்டும். எழுதாதவன் தகரப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு வந்த வழியே திரும்பவேண்டும்.

கூடப் படித்தவர்கள் 'பஸ் பயணம்', 'மழைக்காலம்' என்று எழுதி ஒரே தடவையில் தப்பிவிட்டார்கள். கனகலிங்கம்தான் அகப்பட்டுக்கொண்டான்.

"நீர் எந்த ஊர்?" என்று சிற்றம்பலம் கேட்டார்.

"முரசுமோட்டை, சேர்."

"பக்கத்து வீட்டிலை ஆர்?"

"வட்டவிதானையார் ஐயாத்துரை, சேர்."

சிற்றம்பலம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். "அப்ப அவரைப் பற்றியே எழுதும்."

வட்டவிதானையார் என்றால் லேசுப்பட்ட ஆள் இல்லை. குளத்துத் தண்ணீரை யார் வயலுக்கு, எப்போது, எவ்வளவு விடுவது என்பது அவர் கையில் இருந்தது. ஐயாத்துரைக்குத் தொண்டையும் அதற்கேற்றபடி அமைந்திருந்தது. ஒருநாள் அவர் அணைக்கட்டில் நின்று யாரையோ ஏச, குளத்திலிருந்த கொக்குகள் எழும்பிப் போய் அடுத்த மாரிக்குத்தான் திரும்பி வந்தன. வந்தவையும் கரையில் நின்று அவர் வீட்டில் இருக்கிறாரா என்று பார்த்துவிட்டே இறங்கின.

முதற் கட்டுரையில் கனகலிங்கம் இதையெல்லாம் தொடவில்லை. பள்ளிக்கூடத்தில் பழகிய கையால், விதானையாரின் முகம் பூரணச் சந்திரன் என்றும் உள்ளம் பாற்கடல் என்றும் எழுதியிருந்தான். அதன் ஓரத்தில்தான் இப்போது சிவப்பு மை ஓடியிருந்தது.

'சந்திரனையும் கடலையும் நான் பார்த்திருக்கிறேன். விதானையாரைக் காட்டும். காணி எவ்வளவு? கல்வீடா, மண்வீடா? பொதுப்படையாகச் சொல்ல வேண்டாம். விவரம் போதாது.'

"அந்தாளைப் பற்றி எழுதாதையடா மோனை," என்றார் அப்புத்துரை. "பயிர் குடலையிலை நிக்குது. கதிர் வாற நேரம் தண்ணி தவறினால் முழுக்கப் பதர்தான்."

"எழுதாட்டி என்னைக் கலைச்சுப்போடுவினம், ஐயா."

அப்புத்துரை வயலைப் பார்த்தார். மகனைப் பார்த்தார். இரண்டும் பச்சையாகத்தான் நின்றன.

"அப்ப அவருக்குத் தெரியாமல் எழுது."

தெரியாமல் எழுத வேண்டுமானால் தெரியாமல் பார்க்கவும் வேண்டும். மறுநாட் காலை கனகலிங்கம் வேலி ஓலையை விலக்கிக் கண்ணை வைத்தான். எதிர்ப்பக்கத்தில் இன்னொரு கண் இருந்தது. அது விதானையாரின் மனைவி அன்னபாக்கியத்தின் கண்.

"என்ன தம்பி, முருங்கைக்காய் வேணுமெண்டால் வாயாலை கேக்கிறதுதானே?"

"இல்லை மாமி... சும்மா கூரையைப் பாத்தனான்."

"கூரையிலை என்ன கிடக்கு?"

"ஓடு, மாமி."

"ஓம், கூரையிலை ஓடுதான் கிடக்கும். இதையோ கலாசாலையிலை படிப்பிக்கினம்?"

அவா முருங்கைக்காயும் கொடுத்தா. மத்தியானம் சோறு போடும்போது புருசனிடம் விஷயத்தையும் சொன்னா.

இரண்டாவது கட்டுரையில் காணி, ஓட்டு வீடு, கட்டுக்கிணறு, கறவை மாடுகள், அவற்றின் நிறம் உட்பட எல்லாம் இருந்தன. அடுத்த வெள்ளிக்கிழமை அதுவும் திரும்பி வந்தது.

'இப்போதுதான் எழுத்து வருகிறது. ஆனால் இது வீட்டின் விவரம். மனிதரின் குணம் எங்கே? கோபம் உண்டா? குடி உண்டா? மறைக்க வேண்டாம். ஒரு சம்பவத்தால் காட்டும். வீட்டிலுள்ள மற்றவர்கள் வெறும் தூண்களா? விவரம் போதாது.'

அப்புத்துரைக்குப் பயம் பிடித்தது. எழுதப் படிக்கத் தெரிந்த சின்னராசாவைக் கூப்பிட்டார். சின்னராசா பேப்பர் வாசிக்கிறவர். விளம்பரத்தைக்கூடச் சந்தேகத்தோடு வாசிப்பார். சிவப்பு மையை ஒருமுறை மேலிருந்து கீழாகவும் ஒருமுறை கீழிருந்து மேலாகவும் வாசித்தார்.

"அப்புத்துரை அண்ணை, இது கட்டுரையில்லை. விசாரணை."

"என்ன விசாரணை?"

"விதானைமாரை வீட்டுக்கு அனுப்பச் சட்டம் வரப்போகுதெண்டு கதை அடிபடுதெல்லே? சும்மா அனுப்பேலாது. சாட்சி வேணும். காணி எவ்வளவு, குடியோ, கோபமோ... படிப்பிக்கிற மனுசன் ஏன் இதெல்லாம் கேக்கிறார்? அவர் கவண்மேந்தின்ரை ஆள்."

"ஐயோ, என்ரை பொடியனோ சாட்சி?"

"முதலாஞ் சாட்சி. நான் ஒருத்தருக்கும் மூச்சுவிட மாட்டன், அண்ணை."

சின்னராசா வாக்குத் தவறாதவர். மூச்சை விடாமலே வாய்க்கால் நெடுகச் சொல்லிக்கொண்டு போனார்.

இதொன்றும் அறியாத கனகலிங்கம் உள்ளே இருந்து உண்மையை எழுதிக்கொண்டிருந்தான். பொய் எழுதியபோது வராத தமிழ் இப்போது தானாக வந்தது. குடையை முட்டிய எருமையை விதானையார் ஏசிய ஏச்சில் அது மூன்று நாள் புல் தின்னாமல் கிடந்ததை எழுதினான். சேவல் கொண்டுபோய்க் கொடுப்பவனின் வயலுக்குத் தண்ணீர் முந்திப் போவதையும் எழுதினான். வாசித்துப் பார்த்தான். நன்றாக இருந்தது. அதுவே அவனுக்குப் பயத்தைக் கொடுத்தது.

ஞாயிறு காலை அப்புத்துரை வயலிலிருந்து ஓடிவந்தார்.

"வாய்க்கால் காஞ்சுபோச்சடா! குளத்துத் துருசைப் பூட்டித் தண்ணியை மறிச்சுப்போட்டாங்கள்!"

அவருக்குப் பின்னாலேயே ஒரு குடை வந்தது. குடைக்குக் கீழே வட்டவிதானையார் வந்தார்.

"அப்புத்துரை! உன்ரை மோன் என்னைப் பற்றிக் கவண்மேந்துக்கு எழுதுறானாமே?"

"ஐயோ விதானையார், அது கட்டுரை. பள்ளிக்கூடக் கட்டுரை."

"கட்டுரையெண்டால் வாசிக்கட்டும். நானும் கேக்கிறன்."

கதிரை வந்தது. விதானையார் அதில் அமர்ந்தார். கனகலிங்கம் தாளைக் கையில் எடுத்தான். கலாசாலையில் ஒரு கட்டுரையைத் திருத்த ஒரு வாரம் கொடுப்பார்கள். அவனுக்கு இப்போது ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் இடையிலுள்ள நேரமே இருந்தது.

"'விதானையார் அந்த எருமையை... அன்போடு அழைத்து... அறிவுரை கூறினார்.'"

"ம்."

"'எருமை அதைக் கேட்டு... மனம் திருந்தி... உபவாசம் இருந்தது.'"

"ம். மேலை வாசி."

"'சேவல்களை அவர்... சேவல்களிடத்தில் அவர்... மிகுந்த பிரியமுள்ளவர்.'"

விதானையார் கையை நீட்டித் தாளை வாங்கினார். அவருக்கு வாசிக்கத் தெரியும் என்பதை அப்பனும் மகனும் அந்த நேரத்தில்தான் நினைத்துக்கொண்டார்கள்.

அவர் வாசித்து முடிக்கும்வரை முற்றத்தில் ஒரு கோழிகூடக் கொத்தவில்லை. கொக்குகளைக் கலைத்த அந்தத் தொண்டை திறக்கப்போகிறது என்று அப்புத்துரை காதைப் பொத்தினார். ஆனால் விதானையாரின் குரல் கம்மிப்போய் வந்தது.

"எல்லாம் உண்மையாக் கிடக்கே, தம்பி."

"ஓம், மாமா."

"உண்மை போய்ச் சேந்தால் என்ரை உத்தியோகம் போச்சு." அவர் சால்வையால் கழுத்தைத் துடைத்தார். "எடு புதுத் தாள். நான் சொல்லுறன், நீ எழுது. கட்டுரை பஸ் ஏறினவுடனை தண்ணி வரும்."

மூன்றாவது கட்டுரை அப்படித்தான் உருவானது.

"'விதானையார் கோபம் என்ற சொல்லை அறியாதவர்.' எழுதினியோ? 'இளநீர் தவிர வேறொன்றும் அருந்தாதவர்.' மற்ற ஆக்களைப் பற்றியும் கேட்டவரல்லோ? 'அவருடைய மனைவி அன்னபாக்கியம் ஒரு தெய்வம்.'"

வேலிக்கு அப்பாலிருந்து குரல் வந்தது. "தெய்வத்துக்கு விறகு கொத்தித் தர ஒரு மனுசனில்லை எண்டும் எழுது, தம்பி."

அவாவுக்குப் பின்னால் மகள் கமலாசனி சிரித்தது கேட்டது. அந்தச் சிரிப்பைக் கட்டுரையில் சேர்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும், பக்கத்து வீட்டுக் குமர்ப்பிள்ளையின் சிரிப்பை எழுதிவிட்டு விதானையாரின் முன்னால் நிற்கும் தைரியம் கனகலிங்கத்துக்கு இல்லை.

கட்டுரை போயிற்று. தண்ணீர் வந்தது. ஆனால் அடுத்த வெள்ளிக்கிழமை கனகலிங்கம் சைக்கிளை மாமரத்தில் சாத்தவும் மறந்து கீழே போட்டுவிட்டு ஓடிவந்தான்.

"என்னவாம்?"

"'நம்ப முடியவில்லை' எண்டு எழுதியிருக்கிறார், ஐயா. 'இப்படி ஒருவர் இருந்தால் ஞாயிற்றுக்கிழமை நானே நேரில் வந்து பார்க்கிறேன். அதன் பிறகே புள்ளி.'"

சேதி வேலியைத் தாண்டியது. அந்தப் பக்கத்தில் ஏதோ பாத்திரம் விழுந்தது.

விதானையார் அன்று பின்னேரமே வேலையைத் தொடங்கினார். முதலில் சேவல்களைத் திருப்பிக் கொடுக்க முடிவு செய்தார். வாங்கிய சேவல்களெல்லாம் எப்போதோ குழம்பாகிவிட்டதால், வேறு சேவல்களைத் தேடிப் பிடித்து வீடு வீடாகக் கொடுத்தார். புதுச் சேவல்கள் பழைய சேவல்களோடு சண்டை பிடித்ததில் குடியேற்றத் திட்டத்தில் ஒருவருக்கும் தூக்கமில்லை. யார் சாட்சி சொல்வார்களோ தெரியாது என்பதால், எல்லாரையும் குளிர்விக்க எல்லா வாய்க்காலையும் ஒரேயடியாகத் திறந்துவிட்டார். அப்புத்துரையின் பயிர் கழுத்தளவு தண்ணீரில் நின்று மூச்சு வாங்கியது.

"தண்ணியை நிப்பாட்டுங்கோ, விதானையார்! பயிர் அழுகப்போகுது!"

"பாத்தியோ, பாத்தியோ! தண்ணி காணாதெண்டும் குற்றம், கூடிப்போச்செண்டும் குற்றம். இதையும் அந்தாளிட்டைச் சொல்லப்போறாய், என்ன?"

சின்னராசாவோ சங்கக்கடை வாசலில் ஆட்களை நிறுத்திச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார். "விதானையாருக்குக் கோபம் வருமோ எண்டு கேட்டால், கோபமெண்டால் என்ன எண்டு திருப்பிக் கேக்கவேணும். விளங்கிச்சோ?"

கனகலிங்கம் மட்டும் ஒன்றும் செய்யவில்லை. உண்மையைச் சொன்னால் தகப்பனின் வயல் போகும். பொய்யைச் சொன்னால் தன் படிப்புப் போகும். இரண்டு கட்டுரைகளையும் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு, எதை எடுப்பது என்று தெரியாமல் ஒழுங்கையில் நின்றான்.

ஞாயிற்றுக்கிழமை வெயில் ஏற, ஒரு வாடகைக் கார் புழுதியோடு வந்து விதானையார் வீட்டுப் படலையில் நின்றது. முன்கதவு திறந்து சிற்றம்பலம் இறங்கினார். பட்டு வேட்டி, சால்வை, நெற்றியில் சந்தனம். கனகலிங்கத்துக்கு அடையாளமே தெரியவில்லை. வகுப்பில் எல்லாரையும் நடுங்கவைக்கும் அந்த மனிதர் சால்வை நுனியை முறுக்கிக்கொண்டு தரையைப் பார்த்தபடி நின்றார்.

'என்னைத் துலைக்கிறதெண்டே முடிவெடுத்திட்டார்,' என்று கனகலிங்கம் நினைத்தான். 'அதுதான் முகம் பாக்கேலாமல் நிக்கிறார்.'

விதானையார் கோட்டுப் போட்டுக்கொண்டு முன்னால் வந்தார். பேச வைத்திருந்ததெல்லாம் மறந்துபோயிற்று. கையெடுத்துக் கும்பிட்டார்.

"ஐயா, சேவல் வாங்கினது உண்மை. எல்லாம் திருப்பிக் குடுத்திட்டன். எருமையை ஏசினதும் உண்மை. இடைக்கிடை கள்ளும் தொட்டிருக்கிறன். என்னை என்ன செய்தாலும் செய்யுங்கோ, இந்தப் பொடியனிலை மட்டும் பிழையில்லை. அவன் உண்மையைத்தான் எழுதினவன், நான்தான் அழிப்பிச்சனான்."

சின்னராசா சொல்லிக் கொடுத்த சாட்சிகள் ஒருவர் முதுகுக்குப் பின்னால் ஒருவராக ஒதுங்கினார்கள். அப்புத்துரை மகனின் கையைப் பிடித்துக்கொண்டார். சிற்றம்பலம் திரும்பிக் காரைப் பார்த்தார்.

காரின் பின்கதவு திறந்தது. சிற்றம்பலத்தின் தாயார் வெற்றிலையை மென்றபடி மெதுவாக இறங்கி, கூட்டத்தைத் துழாவிக் கனகலிங்கத்தைக் கண்டுபிடித்தா.

"கட்டுரை எழுதின தம்பி நீதானோ? சிவப்பு மை மட்டுந்தான் என்ரை மோன்ரை, கேள்வியெல்லாம் நான் கேட்டது. காணி, கோபம், கள்ளு, சேவல் எல்லா விவரமும் காணும், இனி மோனுக்குப் பேசுற பொம்பிளையைக் கூப்பிடுங்கோ, பாப்பம்."