விசில் அண்ணாச்சியும் டாக்டர் சீட்டும்

சட்டம் படித்தவர்கள் நாட்டில் ஆயிரம் பேர் இருக்கலாம். சட்டத்தைச் சோற்றுக்குத் தொட்டுக்கொண்டு சாப்பிட்டவர் ஒருத்தர்தான். அருப்புக்கோட்டை பஜாரில் பருத்திக்கொட்டை, புண்ணாக்கு வியாபாரம் பார்த்த விசில் அண்ணாச்சி.

அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று அவருக்குக் கட்டாயம் இருந்திருக்கும். அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. கழுத்தில் எந்நேரமும் கறுப்புக் கயிற்றில் ஒரு விசில் தொங்கும். கடையில் வரிசை தப்பி நின்றால் ஒரு ஊது. தராசு முள் நேராக நின்றால் ஒரு ஊது. வீட்டில் சோறு கேட்பதற்கும் விசில்தான். "இவுகளுக்குக் கஞ்சி ஊத்துறதும் ஒண்ணுதான், டவுன் பஸ்ஸு ஓட்டுறதும் ஒண்ணுதான் தம்பி" என்று அவர் வீட்டம்மாவே என்னிடம் அலுத்துக்கொண்டார்கள். ஒரு நாள் பஸ் ஸ்டாண்டில் எவனோ ஓடுகிற பஸ்ஸில் தொற்றுவதைப் பார்த்து இவர் ஊதிவிட்டார். திருச்சுழி பஸ், காரியாபட்டி பஸ் இரண்டும் நடுவழியில் நின்றன. இரண்டு கண்டக்டர்களும் இறங்கி ஒருவரையொருவர் திட்டிக்கொண்டிருக்க, அண்ணாச்சி தொற்றியவனைப் பிடித்து வைத்துப் புத்தி சொல்லிக்கொண்டிருந்தார்.

சித்திரை மாதம் எங்கள் ஊரில் சைக்கிள் பந்தயம் நடக்கும். பஜாரில் கிளம்பி, திருச்சுழியில் திரும்பி, மறுபடி பஜாருக்கு வந்து சேரவேண்டும். ரோட்டில் தார் இளகிக் கிடக்கும் வெயில். பந்தயத்துக்கு நடுவர் அண்ணாச்சி. ஜீப்பில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து மைக் பிடிப்பது என் வேலை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒருநாள், வெளிநாட்டு சைக்கிள் வீரர்கள் ஊக்க மருந்து சாப்பிட்டு மாட்டிக்கொள்வதைப் பற்றிப் பேப்பரில் வந்தது. அதைப் படித்ததிலிருந்து அண்ணாச்சிக்கு உறக்கம் போய்விட்டது.

பந்தயக் கமிட்டிக் கூட்டத்தில் எழுந்து நின்று ஒரு ஊது ஊதினார்.

"கள்ளு, பீரு, பீடி, சுருட்டு, சுக்குக் காப்பி, பருத்திப்பாலு. பந்தயத்தன்னிக்கு இதுல எதயும் தொடப்பிடாது."

"பருத்திப்பாலுமா? அது ஒங்க கடைச் சரக்குல்ல அண்ணாச்சி?"

"அதனாலதான்டா சொல்றேன். பருத்திக்கொட்டை தின்ன மாடு என்ன ஓட்டம் ஓடுதுன்னு எனக்குல்ல தெரியும்!"

நிஜமாகவே நோய்க்கு மருந்து சாப்பிடுகிறவன் என்ன செய்வான் என்று ஒருத்தர் கேட்டார். அதற்கும் பேப்பரில் வழி இருந்தது. "டாக்டர் சீட்டு கொண்டாந்தா விலக்கு உண்டு. வெளிநாட்டுலயே அப்பிடித்தான்" என்றார் அண்ணாச்சி.

டவுனில் சீட்டு வாங்குவது ஒரு கஷ்டமா? கம்பவுண்டரைத் தெரிந்தால் போதும். மறுவாரம் அண்ணாச்சி கடையில் கூட்டம் தாங்கவில்லை. கல்லடைப்புக்குப் பீர் குடிக்கவேண்டும் என்று ஒருத்தர் சீட்டோடு வந்தார். சுருட்டு இல்லாவிட்டால் காலையில் வயிறு கழியாது என்று இன்னொருத்தர். நெஞ்சுச் சளிக்குப் பருத்திப்பால் என்று நாலைந்து பேர். அந்த வருஷம் பந்தயத்தில் ஆரோக்கியமாக இருந்தவை சைக்கிள்கள் மட்டும்தான்.

அண்ணாச்சி எல்லாச் சீட்டையும் பொறுமையாகப் படித்தார். பிறகு ஊதினார்.

"சரி, எல்லாருக்கும் விலக்கு உண்டு. ஆனா கிளம்புறதுக்கு முன்னாடி, இன்னாருக்கு இன்ன நோயி, இன்ன மருந்துன்னு ஊர் கேக்க மைக்குல வாசிப்போம். ஒளிவுமறைவு இருக்கப்பிடாதுல்ல?"

அவ்வளவுதான். அந்த நிமிஷமே கல்லடைப்பு கரைந்தது. வயிறு சரியானது. சளி போன இடம் தெரியவில்லை. சீட்டுகளை வாங்கிப் பையில் திணித்துக்கொண்டு எல்லாரும் நழுவினார்கள்.

"பாத்தியா தம்பி! மைக்குன்னதும் ஊருல ஒருத்தனுக்கும் நோயில்ல!" என்று அண்ணாச்சி கடை அதிரச் சிரித்தார். நானும் வயிறு வலிக்கச் சிரித்தேன்.

ஒரு சீட்டு மட்டும் மிச்சம் இருந்தது. அது சீனிச்சாமியுடையது. எம்.ரெட்டியபட்டியில் பருத்தி போடுகிற சம்சாரி வீட்டுப் பையன். டவுன் பஸ்ஸை ஓரங்கட்டிவிட்டுப் போகிற கால் அவனுக்கு. அந்த வருஷம் அவன்தான் ஜெயிப்பான் என்று ஊரே சொன்னது. கூட்டம் கலையும்வரை ஓரமாக நின்றிருந்துவிட்டுக் கிட்டே வந்தான். சின்ன வயதிலிருந்தே அவனுக்கு மூச்சிழுப்பு, ஆஸ்துமா. வாயில் வைத்து அடிக்கிற பம்பு ஒன்றை டாக்டர் கொடுத்திருந்தார். சைக்கிளை மிதிப்பதற்கு முன்னால் அதை அடித்துக்கொள்ளவேண்டும்.

"சீட்டு நெசம் அண்ணாச்சி. மைக்குல மட்டும் வாசிக்காதீக. நரிக்குடியில பொண்ணு பேசி முடிச்சிருக்கு. அவுக வீட்டு ஆளுகல்லாம் பந்தயம் பாக்க வாராக. இழுப்புன்னு தெரிஞ்சா..."

அவன் முடிக்கவில்லை. எங்கள் பக்கத்தில் அதை முடித்துச் சொல்லவேண்டிய அவசியமும் இல்லை. இழுப்புக்காரனுக்கு யார் பெண் கொடுப்பார்கள்?

அண்ணாச்சி விசிலை விரலால் உருட்டினார். "ஒன்ன நம்புறேன்டா. ஆனா சீனிச்சாமிக்கு ஒரு நியாயம், மத்தவனுக்கு ஒரு நியாயமான்னு கேப்பான்ல?"

"அப்ப மருந்தே வேணாம். சும்மாவே ஓட்டுறேன். இந்தாங்க, நீங்களே வச்சுக்கங்க. ஒளிச்சு அடிச்சேன்னு நாளைக்குப் பேச்சு வரப்பிடாது."

அண்ணாச்சி பம்பை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். இந்த வருஷம் நீ ஓட்டாதே என்று சொல்லியிருக்கலாம். அவருடைய சட்டத்தில் அதற்கு இடமில்லை.

பந்தயத்தன்று திருச்சுழியில் திரும்பும்போது சீனிச்சாமிக்குப் பின்னால் கண்ணுக்கெட்டிய தூரம்வரை ஆளில்லை. அதற்கப்புறம் எதிர்காற்று. கரிசல் புழுதி கிளம்பி முகத்தில் அடித்தது. ஜீப்பிலிருந்து திரும்பிப் பார்த்துக்கொண்டே போனோம். அவன் தோள் காதுவரை ஏறி இறங்கியது. வாய் திறந்தே கிடந்தது. அண்ணாச்சி ஊதினார். அவன் நிற்கவில்லை. ஜீப்பை மெதுவாக ஓட்டச் சொல்லி, அவன் பக்கத்தில் வந்ததும் பம்பை வெளியே நீட்டினார்.

"வாங்கிக்கடா! விலக்கு குடுத்தேன்டா! வாசிக்க மாட்டேன்டா!"

சீனிச்சாமி தலையை ஆட்டினான். நரிக்குடிக்காரர்கள் வந்த வேன் பின்னால் நெருங்கிவிட்டிருந்தது. அவன் உதடு நீலம் பாய்வதைப் பார்த்தேன். அண்ணாச்சியும் பார்த்தார். என் கையிலிருந்த மைக்கைப் பிடுங்கினார்.

"ஏலே சீனிச்சாமி! ஒன் இழுப்பு மருந்த வாங்கி அடிடா! செத்துப்போவடா!"

ஜீப் உச்சியில் கட்டியிருந்த ஸ்பீக்கர் அதை ரோடு முழுக்கச் சொன்னது. வேனுக்கும் சொன்னது. சீனிச்சாமி பெடலை நிறுத்தினான். இனி மறைக்க என்ன இருக்கிறது? புளியமரத்தடியில் உட்காரவைத்து மருந்து அடித்தோம். மூச்சு திரும்பியது. கொஞ்ச நேரத்தில் எங்களைக் கடந்துபோய் ஜெயித்தவர் யார் தெரியுமா? கல்லடைப்புக்காரர்.

அந்த வாரமே சம்பந்தம் முறிந்தது. அண்ணாச்சி என்னையும் கூட்டிக்கொண்டு நரிக்குடிக்குப் போனார். "தங்கமான பையன். மருந்து அடிச்சா ஒண்ணும் செய்யாது. நான் ஜவாப்பு" என்று பெண்ணின் அப்பாவிடம் காலைப் பிடிக்காத குறையாகக் கேட்டார். அவர் மரியாதையாக மோர் கொடுத்தார்.

"ஊர் கேக்கச் சொன்னது நீங்கதான அண்ணாச்சி? இப்பக் கேக்காத மாதிரி இருன்னா எப்படி?"

திரும்பி வரும்போது பஸ் படியில் ஒருத்தன் ஓடிவந்து தொற்றினான். அண்ணாச்சி பார்த்துக்கொண்டு சும்மா இருந்தார். அவர் கழுத்தில் விசில் இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

சீனிச்சாமிக்கு அடுத்த வருஷம் வேறு இடத்தில், இழுப்பைச் சொல்லியே கல்யாணம் நடந்தது. ஆனால் அவன் மறுபடி பந்தயத்துக்கு வரவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் மனசு ஆறவில்லை. அந்தக் கால் மாதிரி ஒரு காலை எங்கள் கரிசல்காட்டு ரோடு அப்புறம் பார்க்கவில்லை.

மாட்டுக்குப் பருத்திக்கொட்டை வாங்க அண்ணாச்சி கடைக்குத்தான் வருவான். மூட்டைப் புழுதியில் அவன் ஒரு இருமல் இருமினால் போதும், அண்ணாச்சியின் கை கல்லாப்பெட்டிக்குள் போகும். அதில் எப்போதும் புதுசாக ஒரு பம்பு கிடக்கும்.

"ஒண்ணுமில்ல அண்ணாச்சி. சும்மா இருமலுதான்."

"சரிடா, மெதுவாப் பேசு" என்று குரலைத் தாழ்த்துவார். பம்பை உள்ளங்கையில் பொத்திக்கொண்டு, யாராவது பார்த்துவிட்டார்களா என்று கடையைச் சுற்றி ஒரு பார்வை பார்ப்பார். ஊருக்கே தெரிந்த ரகசியம். அவர் இருந்த காலம்வரை அதை அப்படித்தான் காப்பாற்றினார்.