ஆண்டின் சிறந்த பத்துப் பாடல்களை மார்கழிக்குள் அச்சேற்றக் கோருவது

மல்லசமுத்திரம்,
3-1-1984

பெருமதிப்பிற்குரிய வார இதழ் ஆசிரியர் ஐயா அவர்களின் பார்வைக்கு,

மல்லசமுத்திரம் கடைவீதியில் கருகிப்போன பம்புசெட் மோட்டார்களுக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டும் வெள்ளியங்கிரி வணக்கத்துடன் எழுதுவது. நானும் என் மனைவி வசந்தாமணியும் சுகம். கடையில் கிடக்கும் பதினேழு மோட்டார்களில் இரண்டு சுகம். தங்களுக்கும், தங்கள் துணை ஆசிரியர்களுக்கும், என் கடிதங்களைப் பிரித்துப் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பும் அந்த முகம் தெரியாத அன்பருக்கும் எல்லா நலமும் உண்டாகட்டும். இது என் ஆறாவது கடிதம். முதல் ஐந்துக்கும் 'தங்கள் கதையைப் பிரசுரிக்க இயலாமைக்கு வருந்துகிறோம்' என்று அச்சடித்த அட்டைதான் வந்தது. நான் கதை எதுவும் அனுப்பவில்லை, ஐயா. பாட்டுப் பட்டியல்தான் அனுப்பினேன்.

சென்ற மாதம் ஓர் இதழில் '1983இன் தலைசிறந்த பத்துப் பாடல்கள்' என்று வாசகர் தேர்வு வெளியிட்டீர்கள். பத்தும் சினிமாப் பாட்டு. நான் சினிமாவுக்கு விரோதி அல்ல. எங்கள் ஊர் டூரிங் கொட்டகையின் ஜெனரேட்டருக்குக் காயில் கட்டுபவனே நான்தான். ஆனால் சினிமாவில் வராத பாட்டும் நாட்டில் இருக்கிறது. எலக்ட்ரிக் கிதாரை வைத்துக்கொண்டு, தானே எழுதி, தானே மெட்டுப் போட்டு, யாரும் கேட்காமலே பாடுகிற பாட்டு. அப்படிப் பாடும் குழு எனக்குத் தெரிந்து சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் நடுவில் ஒன்றே ஒன்றுதான். மும்முனை இசைக்குழு என்று அதற்குப் பெயர் வைத்தவன் நான். ஆழ்குழாய் போடும் ரிக் வண்டி வைத்திருக்கும் நாச்சிமுத்து அண்ணன் மகன் மயில்சாமி கிதார் வாசித்துப் பாடுவான். விசைத்தறி ஓட்டும் ஆண்டி டிரம். சென்றாயனிடம் இருப்பது தடித்த கம்பி போட்ட இன்னொரு கிதார். அது காதுக்குக் கேட்காது, நெஞ்சுக்குக் கேட்கும். நாச்சிமுத்து அண்ணன் தோட்டத்து மோட்டார் ரூமில் ஒத்திகை. மும்முனை மின்சாரம் வந்து மோட்டார் ஓடும் நேரத்தில்தான் வாசிப்பார்கள். அந்த இரைச்சலில் இவர்கள் இரைச்சல் வெளியே தெரியாது, சண்டைக்கு ஆள் வராது. மயில்சாமி எனக்கு உறவு அல்ல என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். வசந்தாமணி வழியில் சுற்றிச் சுற்றி வந்தால் மாப்பிள்ளை முறை ஆகும், என்னை மாமா என்றுதான் கூப்பிடுவான். இந்தப் பட்டியலில் அதை நான் சேர்த்துக்கொள்ளவில்லை.

இவ்வளவு அவசரம் ஏன் என்று தாங்கள் கேட்கலாம். போன மாதம் டீக்கடை முன்னால் நாச்சிமுத்து அண்ணன் என்னைப் பிடித்துக்கொண்டார். "இங்க பாரு வெள்ளியங்கிரி. பையன் பெரிய வித்வான்னு நீதான் ஊரெல்லாம் சொல்லீட்டுத் திரியறே. மார்கழி முடியறதுக்குள்ள அவன் பேரு எதாச்சும் ஒரு பத்திரிகையில அச்சுல வரட்டும். வந்துருச்சுன்னா அவன் கிதாரையும் தொடமாட்டேன், அவனையும் தொடமாட்டேன். வரலீன்னா தை மூணாந்தேதி ரிக் வண்டியேறிக் குஜராத்துக்குப் போறான்" என்றார். அண்ணன் சொன்ன சொல் மாறமாட்டார். பதினோரு வருடத்துக்கு முன் ஏதோ கோபத்தில் 'இந்த டீக்கடைக்குள்ள காலெடுத்து வைக்கமாட்டேன்' என்று சொன்னவர், இன்றைக்கும் தினம் மூன்று வேளை அதே கடை டீயை வெளியே நின்றுதான் குடிக்கிறார், மழை பெய்தால் குடை பிடித்துக்கொண்டு. ரிக் வண்டியில் ஒரு பையன் ஏறினால் திரும்பி வர இரண்டு வருடம் ஆகும். இரண்டு வருடம் இரும்பு ராடு தூக்கிய விரல் அதன்பிறகு கிதார்க் கம்பிக்கு ஒத்து வராது. கம்பிரசர் பக்கத்தில் நின்ற காதும் பழைய காதாக இருக்காது. அதனால்தான் மார்கழி, மார்கழி என்று மன்றாடுகிறேன்.

பட்டியலுக்கு வருகிறேன். பத்தாம் இடத்தை நடுநிலை கருதி வேறொரு குழுவுக்குக் கொடுத்திருக்கிறேன். சேலத்தில் ஒரு கல்லூரி விழாவில் நான்கு மாணவர்கள் இங்கிலீஷில் பாடியது அது. எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. பாடியவர்களுக்கும் விளங்கவில்லை என்பது விசாரித்ததில் தெரிந்தது. ஒன்பதாம் இடம், எட்டாம் இடம் இரண்டும் மும்முனைக் குழுவின் 'பாலப்பட்டிப் பஸ்' என்ற ஒரே பாட்டுக்கு. இது மோசடி அல்ல. ஒரு கல்யாண வீட்டில் இந்தப் பாட்டின் நடுவில் கரண்ட் போய்விட்டது. மயில்சாமி நிறுத்தாமல் வெறுங்குரலில் மிச்சத்தைப் பாடினான். கரண்ட் இருந்தபோது அது பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவன் பாட்டு, கரண்ட் போனபின் பஸ்ஸை விட்டவன் பாட்டு. கேட்டவர்களுக்கு வித்தியாசம் தெரியும். கேட்டவன் நான். ஏழாம் இடம் 'தறி'. அதே கல்யாணத்தில் கரண்ட் வந்ததும் பாடியது. ஆண்டி தறி ஓடும் தாளத்தையே டிரம்மில் கொண்டுவந்துவிட்டான். பந்தி பரிமாறிக்கொண்டிருந்தவர்கள் பாதிப் பேர் தறிக்காரர்கள். கை பழக்கம், அந்த வேகத்திலேயே சோறும் சாம்பாரும் விழ ஆரம்பித்து, மூன்று பந்திச் சோறு ஒன்றரைப் பந்தியில் தீர்ந்துவிட்டது. பெண்ணின் தாய்மாமன் மேடைக்கு வந்து, "நல்லாத்தான் பாடறீங்க சாமி, இன்னும் மாப்பிள்ளை ஊட்டாளுக சாப்பிடலீங்க, கொஞ்சம் நிறுத்திக்குங்க" என்று கும்பிட்டுக் கேட்டார். தாளத்தின் சக்திக்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

ஆறாவதைப் பற்றி எழுதப் பேனாவை எடுக்கும்போதே வசந்தாமணி வந்து நிற்கிறாள். "ஏனுங்க, மோட்டாரைக் கேட்டு ஆளுக வாசல்ல நிக்கறாங்க. பயிரு காஞ்சுட்டுக் கிடக்குது. நீங்க இங்க பாட்டுகளுக்கு மார்க் போட்டுட்டு உக்காந்திருக்கறீங்க." "இந்த ஒரு வரியை முடிச்சுட்டு வாரேன்" என்றேன். "அந்த வரி காத்தாலிருந்து முடியலீங்களே" என்கிறாள். அவள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆகவே ஆறாவது 'வெல்லம் காய்ச்சற புகை', ஐந்தாவது 'எதுத்த ஊட்டு ரேடியோ' என்று பெயரை மட்டும் சொல்லி மேலே போகிறேன். இரண்டும் அருமையான பாட்டு, என் வார்த்தையை நம்புங்கள்.

நான்காம் இடம் 'கரும்புக்காடு', மாசியில் மோகனூர்க் கோயில் விழாவில் பாடியது. அங்கே மேடை ஏறியதுமே துண்டுச் சீட்டு வர ஆரம்பித்தது, இந்தச் சினிமாப் பாட்டைப் பாடு, அந்தச் சினிமாப் பாட்டைப் பாடு என்று. மயில்சாமி மைக்கைப் பிடித்து, "நாங்க சினிமாப் பாட்டுப் பாடறதில்லீங்க. எங்க பாட்டைக் கேளுங்க" என்றான். "உங்க பாட்டை உங்க ஊட்டுல பாடிக்க" என்று கூட்டத்திலிருந்து ஒரு குரல், தொடர்ந்து கரும்பு. எறிந்தார்கள், மறுக்கவில்லை. ஆனால் எறிந்தது தோகை உரித்த, கணு நீண்ட நல்ல கரும்பு. வெறுப்பு இருந்தால் நல்ல கரும்பை எறிவார்களா? பொறுக்கிக்கொண்டு வந்து நான்கு நாள் தின்றோம். அந்த அமளியில் ஆம்ப்ளிபையர் புகைந்து உள்ளே டிரான்ஸ்பார்மர் கருகிவிட்டது. ஊருக்கு வந்து நானே காயில் கட்டினேன். கடையில் இருந்த மோட்டார்க் கம்பியில் கட்டியதாலோ என்னவோ, அன்று முதல் அது சும்மா இருக்கும்போதே 'ம்ம்ம்' என்று முனக ஆரம்பித்தது. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. பிரித்துவிடலாம் என்று திருப்புளியை எடுத்தேன். மயில்சாமி கையைப் பிடித்துக்கொண்டான். "எடுத்துராதீங்க மாமா. இதுதான் சுருதி" என்றான். அந்த முனகலின் மேலேயே அவன் கட்டிய பாட்டுதான் மூன்றாம் இடம் பெறும் 'யாரோ முனகறாங்க'. இருபத்திரண்டு வருடமாகக் காயில் கட்டுகிறேன், ஐயா. நான் கட்டியது தண்ணீர் இறைத்திருக்கிறது, மாவு அரைத்திருக்கிறது. பாடியது அதுதான் முதல் தடவை. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

இரண்டாம் இடம் 'அக்கா ஊடு'. மெதுவான பாட்டு. ஒரு நாள் அதைக் கடையிலேயே பாடிக் காட்டினான். கடையை ஒட்டிய வீட்டுக்குள் மாவாட்டிக்கொண்டிருந்த வசந்தாமணி ஆட்டுவதை நிறுத்தினாள். மறுநாள் காலை முதல் பஸ்ஸில் திருச்செங்கோட்டுக்குப் போய்விட்டாள். நான்கு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லாத அவள் அக்கா அங்கேதான் இருக்கிறாள். அக்காவும் தங்கையும் கட்டிப்பிடித்து அழுது, பிறகு பேசத் தொடங்கி, மூன்று நாள் பேசினார்கள். அந்த மூன்று நாளும் எனக்கு ஓட்டல் சாப்பாடு. வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. அப்படியும் அந்தப் பாட்டுக்கு இரண்டாம் இடம் கொடுத்திருக்கிறேன் என்றால் என் நடுநிலையைத் தாங்களே எடைபோட்டுக்கொள்ளலாம்.

முதல் இடம் 'முந்நூறு அடி'. இதற்கு ஈடாக இந்த வருடம் எந்தப் பாட்டும் வரவில்லை என்று நான் எங்கே வேண்டுமானாலும் சத்தியம் செய்வேன். 'முந்நூறு அடி போட்டும் புழுதிதான்டி வருது, உன் மனசுல ஈரம் எந்த அடியிலடி இருக்குது' என்று தொடங்கும். நாச்சிமுத்து அண்ணன் கோபத்துக்கு மூலமும் இந்தப் பாட்டுதான். ரிக் முதலாளி மகனே தண்ணீர் வராது என்று பாடுகிறான் என்று, ஆழ்குழாய்க்குச் சொல்லி வைத்திருந்த இரண்டு பேர் வேறு வண்டியைக் கூப்பிட்டுக்கொண்டார்கள். "இது மனசைப் பத்தின பாட்டுங்க அண்ணா" என்று விளக்கினேன். "மனசுக்குப் போர் போட எவன்டா என் வண்டியக் கூப்புடறான்?" என்று கேட்டார்.

ஒரு தனி மனிதன் ரசனையை எப்படி அச்சேற்றுவது என்று தாங்கள் தயங்கக்கூடும். அதற்கும் வழி செய்திருக்கிறேன். நாளை மேச்சேரியில் ஆட்டுச் சந்தை. ஜனம் திரளும். ஒரு டெம்போவில் லாரி பேட்டரியும் ஆம்ப்ளிபையரும் ஏற்றிக்கொண்டு நால்வரும் போகிறோம். இவர்கள் பாடுவார்கள், நான் நோட்டுப் புத்தகத்தில் நூறு பேரிடம் கையெழுத்தோ கைநாட்டோ வாங்கி இதோடு இணைத்து அனுப்புவேன். முழுப் பட்டியலுக்கு இடம் இல்லையென்றால் பாதகமில்லை. 'மயில்சாமி, மல்லசமுத்திரம்' என்று ஒரே ஒரு வரி, ஏதாவது சிரிப்புத் துணுக்குக்கு அடியில் மிஞ்சும் இடத்தில் போட்டால்கூடப் போதும். போடும்வரை நான் எழுதுவேன். கடையில் தபால் கவர் ஒரு கட்டு வாங்கி வைத்திருக்கிறேன்.

தங்கள் இதழ் வாரம் தவறாமல் மலரவும், தங்கள் அச்சகத்து மோட்டார் ஒருநாளும் கருகாமல் இருக்கவும் திருச்செங்கோட்டு மலையிலுள்ள ஈசனை வேண்டிக்கொள்ளும்,

தங்கள் உண்மையுள்ள,
வெள்ளியங்கிரி

பின்குறிப்பு (6-1-1984): ஐயா, மேலே எழுதியதை எல்லாம் தாங்கள் கிழித்துப் போட்டுவிடலாம். மேச்சேரிச் சந்தையில் முதல் இடம் பெற்ற பாட்டையே முதலில் பாடச் சொன்னது என் தவறு. மயில்சாமி கம்பியை ஒரு தட்டுத்தான் தட்டினான். அவ்வளவு ஆடுகள் ஒரே திசையில் ஓடி நான் பார்த்ததில்லை. நேராகப் போய் மெயின் ரோட்டில் ஏறி நின்றுகொண்டன. பதினைந்து பேருடைய ஆடுகள் ஒன்றாகக் கலந்துவிட்டதால், கொழுத்த ஆடெல்லாம் தன்னுடையது என்று பதினைந்து பேரும் சொன்னார்கள். ஒன்றரை மணி நேரம் பஸ் போகவில்லை. போலீஸ் வந்தது. நான் கொண்டுபோன நோட்டில் ஒரு கையெழுத்தும் விழவில்லை. கையெழுத்துப் போட்டதெல்லாம் நாங்கள்தான், ஸ்டேஷனில்.

அங்கே ஏட்டு எங்களை வரிசையாக நிறுத்தி விசாரித்து எழுதினார். "நீ என்ன வாசிக்கறே?" என்றார். மயில்சாமி "கிதாருங்க" என்றான். "நீ?" "டிரம்முங்க" என்றான் ஆண்டி. "நீ?" "நானும் கிதாருங்க" என்றான் சென்றாயன். கடைசியில் என்னிடம் வந்து, "நீங்க என்ன வாசிக்கறீங்க?" என்றார். "நான் கேக்கறவனுங்க" என்றேன். பேனாவைப் பிடித்தபடி என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, ஒன்றும் எழுதாமல் காகிதத்தைத் திருப்பினார்.

நேற்றைய காலைப் பத்திரிகையின் மூன்றாம் பக்கத்தில் இந்தச் சந்தை விவகாரம் ஐந்து வரி வந்திருக்கிறது. டீக்கடைக்காரர் உரக்கப் படித்தார். வெளியே நின்று டீ குடித்துக்கொண்டிருந்த நாச்சிமுத்து அண்ணன் டம்ளரை வைத்துவிட்டு, "இது பத்திரிகைதான?" என்றார். "ஆமாங்க." "அச்சுல இருக்குதா, எவனாச்சும் கையில எழுதினதா?" "அச்சுதானுங்க." அப்புறம் அவர் பத்திரிகையை வெளியே வாங்கி, மகன் பெயரை விரலால் தடவிப் பார்த்தார். கடைசியில், "சொன்னது சொன்னதுதான். பையன் போக வேண்டாம்" என்றார். நான்கு அடி நடந்தவர் திரும்பி வந்து என்னிடம், "அந்தப் பாட்டை மட்டும் நானூறு அடின்னு மாத்தச் சொல்லு வெள்ளியங்கிரி. முந்நூறுல நம்ம வண்டிக்குத் தண்ணி வந்துரும்" என்றார். மயில்சாமி மாற்றிவிட்டான். மெட்டு கெடவில்லை.

ஆகையால் தங்களுக்கு இனி என்னால் தொந்தரவு இல்லை. செய்தியைக் கத்தரித்து இத்துடன் வைத்திருக்கிறேன். 'மயில்சாமி (23), ஆண்டி (24), சென்றாயன் (22) மற்றும் ஒருவர் மீது வழக்குப் பதிவு செய்யப்பட்டுள்ளது' என்று இருக்கும். மூன்று பெயரும் பிழையில்லாமல் வந்திருப்பதில் எனக்கு உண்மையிலேயே சந்தோஷம். வருத்தம் இல்லையா என்று கேட்டால், இருக்கிறது. அந்தப் பத்திரிகையின் ஆசிரியருக்கு இன்று காலை என் முதல் கடிதத்தை எழுதி முடித்துவிட்டேன். பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. அந்த 'மற்றும் ஒருவர்' மல்லசமுத்திரம் வெள்ளியங்கிரி என்று ஒரு வரி போட்டால் போதும்.