வெந்துபோன மவுத்பீஸ்

உலகத்தில் நடக்கிற விபத்துகளில் பாதியைக் கவனமில்லாதவர்கள் செய்கிறார்கள். மீதிப் பாதியை என்னைப் போலக் கவனமாக இருப்பவர்கள் செய்கிறோம். எட்டாம் வகுப்பு முழுப் பரீட்சைக்கு முதல் நாள், தெரியாத கேள்வி வந்துவிட்டால் என்ன செய்வது என்று கவலைப்பட்டே வயிற்றுவலி வந்து படுத்தேன். அதற்குப் பிறகு பள்ளிக்கூடம் பக்கமே போகவில்லை. இப்போது திருத்தணியில் ஆட்டோ ஓட்டுகிறேன். மலை ஏறும்போது என்ஜினைப் பற்றிக் கவலை, இறங்கும்போது பிரேக்கைப் பற்றி.

என் மாமனார் ஆசீர்வாதத்துக்கு அந்த வியாதி கிடையாது. வயது எழுபத்து நாலு, ஐம்பது வருடமாக சாக்ஸபோன் வாசிக்கிறார். வாலிபத்தில் சென்னை ஓட்டல் ஒன்றில் ஜாஸ் குழுவில் இருந்தார். ஓட்டல்காரர்கள் குழுவை நிறுத்தியதும் ஊருக்கு வந்து கல்யாண பேண்டு செட்டில் சேர்ந்தார். ஜாஸை மட்டும் நிறுத்தவில்லை. மாப்பிள்ளை அழைப்பில் எல்லோருக்கும் தெரிந்த பாட்டு ஒன்றைத் தொடங்குவார். தெருமுனை திரும்புவதற்குள் பாட்டு எங்கேயோ போயிருக்கும். மண்டப வாசலில் ஒன்றும் நடக்காததுபோல் திரும்பி வந்து நிற்கும். (மாப்பிள்ளை கார் ஓட்டுகிறவருக்குத்தான் எந்தப் பக்கம் ஒடிப்பதென்று குழப்பமாகிவிடும்.)

கனகம்மாசத்திரத்திலிருந்து பள்ளிப்பட்டு வரை சாக்ஸபோன் பிடிக்கிற அத்தனை பேரும் அவரைப் பார்த்து வாசிக்கிறவர்கள்தான். வாசிக்கும்போது அவர் இடது குதிகாலைத் தூக்குவார். அது பித்தவெடிப்பு. அவர்களும் தூக்குவார்கள்.

கல்யாணமான புதிதில் ஒருநாள், “ஜாஸ்னா இன்னா மாமா?” என்று கேட்டேன்.

“வாசிக்க சொல்லோ தப்பா ஒரு சத்தம் வந்துருதுன்னு வெய்யி. அத்த ஒரு தபா வாசிச்சா தப்பு. மூணு தபா வாசிச்சா ஜாஸு.”

மாப்பிள்ளைக்கு இதற்கு மேல் புரியாது என்று விளையாட்டாகச் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன்.

போன மழைக்காலத்தில் அவருக்கு நெஞ்சுச் சளி கட்டி, இரண்டு முகூர்த்தத்துக்குப் போக முடியவில்லை. உடனே பேச்சு கிளம்பிவிட்டது: பெரியவருக்கு மூச்சு போயிடுச்சாம். அவர் தேறிய பிறகு, அவருடைய ஐம்பது வருடத்துக்கு விழா எடுப்பதாக பேண்டு செட்டுக்காரர்கள் சேர்ந்து முடிவு செய்தார்கள். அரக்கோணம் ரோட்டில் ஒரு மண்டபம், பொன்னாடை, மதியச் சாப்பாடு. சாப்பாட்டுக்கு முன்னால் மாமா வாசிக்க வேண்டும்.

அன்று காலையில் என் மனைவி எஸ்தர் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

“இன்னிக்கி அப்பா சரியா வாசிக்கலனா, அந்தப் பொன்னாடையோட அவர வூட்டுல உக்கார வெச்சிருவாங்க. அப்புறம் ஒருத்தனும் கூப்ட மாட்டான். நீங்க பெட்டிய மட்டும் பாத்துகினு இருங்க. வேற ஒன்னும் செய்யாதீங்க. யோசிக்கக்கூட வேணாம்.”

நான் சாக்ஸபோன் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்தேன். பள்ளிப்பட்டு பாலு வந்தார். சொந்தமாக பேண்டு செட் வைத்திருப்பவர், வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். மாமாவை நைனா, அதாவது அப்பா என்பார், அந்த முறையில் என்னை பாவா, அதாவது மச்சான் என்பார்.

“நைனாவோட மவுத்பீஸ ஒரு தபா காட்டு பாவா.”

மவுத்பீஸ் என்றால் சாக்ஸபோனில் வாய் வைத்து ஊதுகிற மூக்கு. கறுப்பு ரப்பர் மாதிரி இருக்கும். மாமாவுடையது ஓட்டல் காலத்திலிருந்து கூடவே வருவது. பாலு அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அதோடு விட்டிருக்கலாம். பக்தி மிகுதியில் வாயில் வைத்து ஒருமுறை ஊதியும் பார்த்தார். என்னிடம் கொடுத்துவிட்டு, “லொக்கு லொக்குனு ஒரு வாரமா ஒரே இருமல் பாவா” என்று சொல்லிக்கொண்டே போனார்.

மாமாவுடையது இப்போதுதான் தேறிய நெஞ்சு. துடைத்தால் கிருமி போகுமா? ஊசி போடுகிற இடத்தில் என்ன செய்கிறார்கள், கொதிக்க வைக்கிறார்கள். பின்கட்டில் ரசத்துக்கு வெந்நீர் கொதித்துக்கொண்டிருந்தது. சமையல்காரரைக் கெஞ்சி ஒரு சொம்பு வாங்கி, அதில் போட்டு அடுப்பின் ஓரத்தில் வைத்தேன்.

“இன்னாங்க அது, கத்திரிக்காவா?” என்றார் சமையல்காரர்.

ஐந்து நிமிடம் போதும் என்று தோன்றியது. பாலுவின் இருமலை நினைத்துக் கால் மணி நேரம் விட்டேன்.

முதலில் அழுகின முட்டை நாற்றம் வந்தது. “என் சமையல் மேல பழி வரப்போவுது, எட்த்துகினு போங்க!” என்று சமையல்காரர் கத்தினார். வெளியே எடுத்தேன். கறுப்பாக உள்ளே போனது, குளத்துப் பாசி நிறத்தில் வந்தது. லேசாக ஒரு பக்கம் சாய்ந்தும் இருந்தது. (நானே பதற்றத்தில் சாய்ந்து நிற்கிறேன் போலும் என்று நினைத்தேன்.) தேங்காய் எண்ணெய் தடவிக் கொஞ்சம் கறுப்பாக்கிப் பெட்டியில் வைத்தேன்.

மாமா மேடை ஏறினார். மவுத்பீஸைச் சரியாகப் பார்க்காமலே மாட்டி ஊதினார்.

என் ஆட்டோ ஹாரனை யாரோ மிதித்தால் என்ன சத்தம் வருமோ, அது வந்தது. எனக்குப் பின்னால் ஒருவர், “பாவம், மூச்சு போயிட்ச்சு” என்றார். எஸ்தர் முகத்தை மூடிக்கொண்டாள்.

மாமா மவுத்பீஸைக் கழற்றிப் பார்த்தார். முகர்ந்தார். அவ்வளவு கூட்டத்திலும் நேராக என்னைத்தான் பார்த்தார். மறுபடி மாட்டினார். வேண்டுமென்றே அதே கீச்சை இன்னொருமுறை ஊதினார். பிறகு மூன்றாவது முறை. மூன்றாவதில் டிரம்காரருக்குப் பிடிபட்டுவிட்டது, கூடவே ஓர் அடி கொடுத்தார். அதற்கப்புறம் பாட்டு கிளம்பியது. எங்கெங்கோ போனது, ஒவ்வொரு திருப்பத்திலும் சொல்லிவைத்தாற்போல் அந்தக் கீச்சு வந்து நின்றது. மாமாவின் இடது குதிகால் மேலே போயிற்று. மண்டபத்தில் ஒரு வரிசையே குதிகாலைத் தூக்கிக்கொண்டது. பாலு எழுந்து நின்று, “நைனா புச்சா ஒன்னு கண்டுபுட்ச்சிட்டாரு!” என்று அழுதார். இருமினார்.

திரும்பும்போது மூவரும் என் ஆட்டோவில் வந்தோம். ரயில்வே கேட்டில் நின்றபோது மாமா மெதுவாகக் கேட்டார்.

“எத்தினி நிமிசம் வேக வெச்ச?”

“கால் மணி நேரம் மாமா.”

“உப்பு போட்டியா?”

எஸ்தர் சிரிக்க ஆரம்பித்தவள், வீடு வரும்வரை நிறுத்தவில்லை.

அடுத்த முகூர்த்த மாதத்தில் மாமாவுக்கு ஒரு நாள்கூட ஓய்வில்லை. புது மவுத்பீஸ் வாங்கிக் கொடுத்தேன், பெட்டியிலேயே கிடக்கிறது. கூப்பிடுகிறவர்கள் எல்லோருக்கும் அந்தக் கீச்சுதான் வேண்டும். மற்ற செட்டுக்காரர்களும் நல்ல மவுத்பீஸை வைத்துக்கொண்டு கஷ்டப்பட்டுக் கீச்சென்று ஊதிப் பார்த்தார்கள். யாருக்கும் சரியாக வரவில்லை.

ரகசியம் வெளியே போகாமல் இருந்திருக்கும். ஆனால் அந்தச் சமையல்காரர்தான் இங்கே பாதிக் கல்யாணங்களுக்குச் சமைக்கிறார். போன ஞாயிற்றுக்கிழமை பாலு வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு மஞ்சள் பை, பைக்குள் நாலு மவுத்பீஸ்.

“பாவா, இத்தையும் கொஞ்சம் வேக வெச்சு குடு.”

கெட்டுப்போனால் என்ன ஆவது என்று எனக்கு உடனே கவலை வந்துவிட்டது. முடியாது என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் சமையலறையில் அடுப்பைப் பற்ற வைக்கிற சத்தம் கேட்டது.

“உப்பு எவ்ளோன்னு கேளுங்க” என்றாள் எஸ்தர்.