எதுவானாலும் கேளுங்க

“நான் நோயாளிப் புள்ளையப் பாக்க வந்தேன்மா, சின்னவனுக்குக் குண்டி கழுவ வரலை!”

இப்படிச் சீறியவர் எங்கள் மாடி வீட்டுக் குழந்தையின் பெரியப்பா. இவரை ஒற்றை ஆள் என்று நினைத்துவிடாதீர்கள். இது ஓர் இனம். எந்த வீட்டுப் பிள்ளைக்காவது புற்றுநோய் என்று காதில் விழுந்தால் போதும், மூக்கில் வேர்த்து வந்து நிற்கும்.

வாசலில் செருப்போடு முகத்தையும் கழற்றிவிட்டுச் சோக முகம் ஒன்றை மாட்டிக்கொண்டு, சோப்புப் போட்டுக் கைகழுவச் சொன்னால் “நான் குளிச்சிட்டுத்தான் வந்தேன்” என்று ரோஷப்பட்டு, முகமூடியைத் தாடைக்குத் தொங்கவிட்டு, வீட்டில் கால் ஆடாத ஒரே நாற்காலியில் உட்கார்ந்து, மொட்டைத் தலையோடு படம் வரைந்துகொண்டிருக்கும் குழந்தையின் காதில் விழும்படியே “எப்படி இருந்த புள்ளை!” என்று பெருமூச்சு விடும். டீயில் சர்க்கரை குறைச்சல் என்றும் சொல்லும்.

பிறகு வைத்தியம்.

“என் சிநேகிதனோட மச்சானுக்கும் இதே ரத்தப் புற்றுநோய்தான். ஒரு வேரை அரைச்சுக் குடிச்சான்.”

“இப்ப எப்படி இருக்காரு?”

“அவன் போயிட்டான். ஆனா வேர் நல்ல வேர்.”

கிளம்பும்போது மறக்காமல் சொல்லும்: “எதுவானாலும் கேளுங்க. நடுராத்திரின்னாலும் போன் அடிங்க.” யாரும் கேட்கமாட்டார்கள். அந்தத் தைரியத்தில்தான் இந்த இனமே பிழைத்துக் கிடக்கிறது.

அன்றைக்கு அந்தத் தாய் கேட்டுவிட்டாள்.

மறுநாள் காலையில் மகளுக்கு ஆஸ்பத்திரியில் அடுத்த மருந்து ஏற்ற வேண்டும். நேரத்துக்குப் போகாவிட்டால் படுக்கை வேறு பிள்ளைக்குப் போய்விடும், மருந்து தள்ளிப்போகும். நோய் தள்ளிப்போகுமா? தகப்பன் லாரியோடு வெளியூரில். சின்னவன் கைக்குழந்தை, அவனை வார்டில் விடமாட்டார்கள். வழக்கமாக அவனை நான் வைத்துக்கொள்வேன். எனக்கோ அப்போது இருமல். அது அவனிடம் ஒட்டி, அவனிடமிருந்து அக்காவிடம் போனால் அவள் உடம்பு தாங்காது. அதனால் நான் படிக்கட்டோடு சரி.

“அத்தான், நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் சின்னவனைப் பாத்துக்கிறீங்களா?”

“நாளைக்கா? நாளைக்குன்னு பாத்து முட்டி வலிக்கும்போல இருக்கேம்மா.”

எனக்குப் பொறுக்கவில்லை. படியில் நின்றே கத்தினேன்.

“ஏன் தம்பி, முட்டி முன்கூட்டியே சொல்லிட்டுத்தான் வலிக்குமா? உக்காந்துக்கிட்டே பாத்துக்கங்க. அதான் நல்லா வருதே!”

அதற்குத்தான் நான் முதலில் சொன்ன அந்தச் சீற்றம். வேகமாகப் படியிறங்கினார், முட்டி ஒரு வார்த்தை பேசவில்லை. பாதியில் நின்று என்ன சொன்னார் தெரியுமா?

“சரி, வேற எதுவானாலும் கேளுங்க.”

கீழ் வீட்டுத் தையல்காரர் அந்தப் பேச்சைப் பேசியதே இல்லை. விடிந்ததும் மேலே வந்தார். “புள்ளையக் குடும்மா, நீ கிளம்பு” என்றார். பையன் நாள் முழுக்க நூல்கண்டுகளை உருட்டினான், யாருடைய சட்டைக்கோ யாருடைய கையோ ஏறிப்போனது. போகட்டுமே. படுக்கை கிடைத்தது, மருந்தும் ஏறியது.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். இப்படி ஒரு வீட்டுக்குப் போனபோது நீங்கள் என்ன சொல்லிவிட்டு வந்தீர்கள்? “புதன்கிழமை சாப்பாடு என்னோடது, அழுக்குத் துணியெல்லாம் எடுத்துப் போடு” என்றா? இல்லை, நீங்களும் அந்த இரண்டு வார்த்தைதானா? என்னிடம் சொல்ல வேண்டாம். எனக்கு வாய் சும்மா இருக்காது.

பெரியப்பாவும் லேசில் விடுகிற ஆள் இல்லை. அடுத்த வாரம் ஆஸ்பத்திரிக்கே வந்தார், ஆள் உயரத்துக்கு ஒரு பஞ்சுக் கரடியோடு. தூசி சேரும் என்று நர்ஸ் உள்ளே விடவில்லை. இருமல் விட்டு, சின்னவனோடு வெளியே உட்கார்ந்திருந்த என் மடியில் திணித்தார். இப்போது என் கட்டிலில் கரடி படுக்கிறது, தரையில் நான். விலைச் சீட்டைக் கிழிக்காமல் காதிலேயே தொங்கவிட்டிருந்தார். எனக்குப் படிக்கத் தெரியாது என்பதால் வாய்விட்டும் சொல்லிவிட்டுப் போனார்: மூவாயிரத்து இருநூறு.