என் பெஞ்சில் காலி இடம்

இனி என் பெண்டாட்டி என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. முடிவெடுத்துவிட்டேன். தலை முழுக்க நரைத்த பிறகுதான் ரோஷம் வந்தது. வந்ததே, அதைச் சொல்லுங்கள்.

அவள் இவெத். பிரான்ஸ்காரி. அவள் ஊரிலும் கடலோரம், உப்பளம். மரக்காணம் உப்பைப் பார்க்க வந்தாள். மேஸ்திரியாக இருந்த என்னைப் பார்த்தாள். உப்பை விட்டுவிட்டாள்.

தமிழ் நன்றாகப் பேசுவாள். உப்பளத்துப் பெண்களிடம் கற்றது. சிலுவைமுத்து என்ற என் பெயர் மட்டும் இன்றுவரை வாயில் நுழையவில்லை. பாத்தி வரப்பில் நின்று "சிலூவே மூத்தூ!" என்று கூவுவாள். உப்பு வாருகிறவர்கள் மொத்தப் பேரும் நிமிர்ந்து சிரிப்பார்கள்.

"ஊரே கேக்குது. மானம் போவுது."

"பேரு எதுக்கு வெச்சாங்க? கூப்புடத்தானே?"

"இந்த ஊர்ல எவளும் புருஷன் பேரைச் சொல்ல மாட்டா. லூர்துமேரியக் கேளு."

"நீ மட்டும் என் பேரைச் சொன்னியா? 'இந்தா, இந்தா'ன்ற. நான் இன்னா, கடையில நீட்டுற சில்லறையா?"

"அது ஊரு வழக்கம்."

"ஓ. வழக்கமா?"

பக்கத்து வீட்டு லூர்துமேரியிடம் போனாள். இரண்டு பேரும் சிரிக்கிற சத்தம் கேட்டது. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

மறுநாள், "என்னங்க, சாப்பிட வாங்க."

ஆகா. ஜெயித்துவிட்டேன். போனால் ஒரே தட்டு.

"உனக்கு?"

"நீங்க சாப்ட்டப்புறம்ங்க. ஊரு வழக்கம்."

எதிரில் உட்கார்ந்து மீன் முள்ளோடு சண்டை போடுகிறவள், ஓரமாக நின்று விசிறுகிறாள். தலைக்கு மேல் ஃபேன் ஓடுகிறது.

சாயங்காலம் உப்பளக் கரையில் நடப்போம். என் கையைப் பிடித்துக்கொள்வாள். எனக்குக் கூச்சம்தான். ஆனாலும் விடுவித்துக்கொண்டதில்லை. அன்றைக்குப் பின்னாலேயே வந்தாள். நின்றேன், நின்றாள். மெதுவாக நடந்தேன். அவள் அதைவிட மெதுவாக.

"பக்கத்துல வா."

"அய்யோ, ஊரே பாக்குதுங்க."

கை சும்மா தொங்கியது. சும்மா தொங்கும் கை இவ்வளவு கனக்கும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை. மாதா கோயிலில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். இவள் மட்டும் என்றைக்கும் என் பெஞ்சில்தான். எத்தனையோ சாமியார்கள் மாறிப் போனார்கள், இவள் மாறவில்லை. அன்று முக்காடு போட்டுக்கொண்டு நேராக லூர்துமேரி பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

என் பக்கத்தில் காலி இடம். அம்மா போய்விட்டாள். அண்ணன் போய்விட்டான். ஊருக்கு நான் மேஸ்திரி, பெரியவர். என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட உலகத்தில் ஒரு வாய்தான் மிச்சம் இருந்தது. அதையும் நானே அடைத்தேன்.

பிரசங்கம் ஏறவில்லை. எழுந்தேன்.

"இந்தா."

திரும்பவில்லை.

"ஏய், இந்தா!"

லூர்துமேரி திரும்பினாள். இவள் இல்லை. முக்காடு கூட அசையவில்லை.

"இவெத்!"

சாமியார் நிறுத்தினார். கோயிலே திரும்பியது.

"இங்க வந்து உக்காரு. நீ இல்லாம முடியல."

வாழ்க்கையில் முதல் தடவை சொன்னேன். மைக் இல்லாமலே கடைசி பெஞ்சு வரை கேட்டது.

அவள் முக்காட்டை எடுத்தாள். நிதானமாக நடந்து வந்தாள். ஒட்டி உட்கார்ந்து கையைப் பிடித்தாள். என் காதில் மெல்லச் சொன்னாள்.

"சிலூவே மூத்தூ... ஊரே கேக்குது. மானம் போவுது."